ஆற்றுக்குக் குப்பை தேடிப் போன கதை

காது குத்துக்கு மடி கொடுப்பதற்காக மலேசியா போன ஆள் அநேகமாக நான் ஒருவன்தான். என் பெரியப்பா மகள் அஞ்சலையைப் பதினெட்டு வயதில் மலாயாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அக்காளுக்கு ஒரே பெண், சரோஜா. அவளுக்கு உடன்பிறந்தவன் கிடையாது. ஆகவே அவள் குழந்தைக்கு மொட்டையடித்துக் காது குத்த, தாய்மாமன் முறைக்கு ஒரு மடி தேவைப்பட்டது. "உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் தம்பி" என்று அக்காள் எழுதிவிட்டாள். எண்பதுகளின் தொடக்கம் அது. திருச்சியில் பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்தேன். விடுப்பு விண்ணப்பத்தில் காரணத்தைப் படித்த என் மேலதிகாரி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தார்.

அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து அக்காள் இருந்த தேயிலை மலைக்கு ஏறும் பஸ்ஸில் உட்கார்ந்தபோது, கொல்லிமலைக்குப் பல தடவை போய்வந்த எனக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்று நினைத்தேன். பக்கத்து இருக்கைச் சீன அம்மாள் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து என் மடியில் வைத்தார். தின்பண்டம் என்று நினைத்துக் கும்பிட்டேன். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை. நாலாவது வளைவில் அதன் உபயோகம் தெரிந்தது.

ரிங்லெட்டில் இறங்கினால், அத்தான் வீராசாமி குடையோடும் காக்கி அரைக்கால்சட்டையோடும் நிற்கிறார். களைப்பாக வந்திருப்பேனே என்று ஓடிப்போய்த் தேநீர் வாங்கிவந்தார். அதே மாதிரிப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, வாயை ரப்பர் வளையத்தால் கட்டி, குழல் செருகிக் கையில் கொடுத்தார். நிறமும் ஏறக்குறைய அதேதான். நான் கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். டப்பாப்பால் விட்டு, பாயசத்துக்குப் போடும் அளவுக்குச் சர்க்கரை போட்டிருந்தார்கள். மலை முழுக்கத் தேயிலை வைத்திருக்கிறவர்கள் தேயிலையை ஏன் இப்படித் தண்டிக்கிறார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அத்தான் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில் கங்காணி. அறுபது பேரை வேலைக்கு அனுப்புகிறவர், ஆகையால் வீட்டிலும் யாரையாவது எங்காவது அனுப்பிக்கொண்டே இருப்பார். தேநீர்க் கடையில் இருந்தவர்களிடம் என்னை அறிமுகப்படுத்தினார்.

"என் மச்சான். இந்தியாவுல பெரிய இஞ்சினியர். காவிரியக் கட்டிப்போட்டு வெச்சிருக்காருலா!"

பேச்சை 'லா' போட்டு முடிப்பது அந்த ஊர் வழக்கம். நான் மறுக்கவில்லை. வாய்க்கால் கரையில் நின்று, தூர் எடுத்தாயிற்று என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் என் வேலை. தூர் எடுத்தார்களா என்பது வேறு இலாகா. ஆனால் பிளாஸ்டிக் பை விஷயத்துக்குப் பிறகு எனக்கும் கொஞ்சம் மரியாதை தேவையாக இருந்தது.

மறுநாள் காது குத்து நடக்கவில்லை. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. சரோஜா வாழ்க்கைப்பட்டது கீழ் டிவிஷனில், இரண்டு கிலோமீட்டர் இறக்கம். அக்காளும் நானும் போனோம். பத்து மாதக் குழந்தை, துவைத்த துணி மாதிரி அவள் தோளில் கிடந்தது. என்னைப் பார்த்து அழக்கூட அதற்குத் தெம்பில்லை.

சரோஜாவின் முதல் குழந்தை இதே வயிற்றுப்போக்கில்தான் போனது. அப்போது அதற்குப் பதினோரு மாதம். கடிதத்தில் அக்காள் ஒரே வரியில் எழுதியிருந்தாள். ஒரே வரியில் பதில் போட்டிருந்தேன். அந்த வீட்டு வாசலில் நின்றபோது, அந்தப் பதிலை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

"தண்ணியக் காய்ச்சிக் குடுக்கறதில்லையாம்மா?" என்று கேட்டேன், எல்லாம் தெரிந்தவன் மாதிரி.

"காய்ச்சித்தான் குடுக்கறோம் மாமா. மருந்து காய்ச்சினா போயிடுமா?" என்றாள் சரோஜா.

விஷயம் இதுதான். காட்டிலிருந்து வரும் ஒரே ஆறு. ஆறு என்பது மரியாதைக்கு, நம் ஊரில் ஓடை என்போம். முதலில் மேல் டிவிஷன் லயத்தை, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையை, ஒட்டி ஓடுகிறது. அங்கே அறுபது வீட்டுத் துணி, தட்டுமுட்டுச் சாமான், தேயிலைக்கு மருந்தடிக்கிற டப்பா எல்லாவற்றையும் கழுவி அனுப்புகிறார்கள். அதுதான் வளைந்து இறங்கிக் கீழ் டிவிஷனுக்குக் குடிதண்ணீராகப் போகிறது.

"நாங்க கழுவுறத என் பேரப்பிள்ள குடிக்குது" என்றாள் அக்காள்.

மூன்றாம் நாள் காலை பெரட்டுக்குப் போனேன். விடியும் முன் எல்லோரையும் களத்தில் நிற்கவைத்துப் பேர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்கு என்று சொல்லுவதுதான் பெரட்டு. அன்று தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி தங்கராஜு ஒரு காகிதத்தோடு வந்திருந்தார். தேவாலயத்தில் வாசகம் படிப்பவர், ஆகையால் எந்தக் காகிதத்தையும் அந்தக் குரலில்தான் படிப்பார்.

மலையாறுகள் போய்ச் சேரும் அணைக்கட்டு ஏரியில் சேறும் குப்பையும் சேர்ந்துவிட்டதாம். ஆகவே அரசாங்கத்தில் ஆறுகளை நேசிக்கும் இயக்கம் ஒன்று தொடங்கியிருக்கிறார்களாம். வரும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு டிவிஷனிலும் கோத்தோங் ரோயோங். ஊரே கூடிக் கூலியில்லாமல் வேலை செய்வதற்கு மலாய்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் அது. எந்த டிவிஷன் தன் ஆற்றுப் பகுதியிலிருந்து அதிக லோரி குப்பை எடுக்கிறதோ, அதற்குப் பரிசு. பரிசு என்ன? காட்டுக்குள் ஊற்றடியில் தொட்டி கட்டி, அங்கிருந்து லயத்துக்குக் குடிநீர்க் குழாய்.

"ரெண்டு டிவிஷனுக்கும் போடலாமே?" என்று கிராணியைக் கேட்டேன்.

"ஸ்டோர்ல ஒரு டிவிஷனுக்குத்தான் பைப்பு இருக்குங்க சார். யாருக்குக் குடுத்தாலும் மத்தவன் மனு போடுவான். போட்டின்னு வெச்சிட்டா யாரும் வாயத் தொறக்க முடியாது பாருங்க."

என்ன மூளை! பதினாறு வருடம் அரசாங்க உத்தியோகம் பார்த்தும் எனக்கு இது தோன்றியதில்லை. யாருக்குத் தேவை என்று பார்க்கப் போனால் மலை இறங்கி நடக்கவேண்டும். போட்டி வைத்தால் நாற்காலியிலேயே இருக்கலாம்.

அன்று மத்தியானம் அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. நெத்திலிச் சம்பலும் கருவாட்டுக் குழம்புமாக அக்காள் பரிமாறியிருந்தாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"மானம் போச்சு மச்சான். நம்ம ஆத்துல குப்பையே கெடையாது."

உண்மைதான். அழுக்குத் தண்ணீர்தான் போகுமே தவிர, மேல் டிவிஷன் ஆற்றில் தேடினாலும் ஒரு தகரம் கிடைக்காது. கல்லும் பாசியும் நுரையும்தான். குப்பையைப் போட்டால் மறுநாள் பெரட்டில் பேர் சொல்லி மானத்தை வாங்குவேன் என்று பல வருடம் மிரட்டி வைத்திருந்தவரே அத்தான்தான். இப்போது அந்த ஒழுங்கே அவர் கழுத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"நல்லதாப் போச்சு. கீழ உள்ளவங்களே செயிக்கட்டும். அவங்களுக்குத்தான் அவசரம்" என்றாள் அக்காள்.

"கங்காணி தோத்தான்னு கீழ் டிவிஷன்காரன் சிரிக்கணுமா?"

"உங்க மக அங்கதான் இருக்கா."

"மக இருந்தா? அறுபது வீடு என்னைய நம்பியிருக்கு. நீயும்தான் படியேறித் தண்ணி தூக்குற. ஒனக்கு பைப்பு வேணாமா?"

அக்காளுக்கும் வேண்டும். ஆற்றிலிருந்து அவள் வீட்டுக்கு அறுபத்திரண்டு படி. இரண்டு வாளியோடு அவள் ஏறுவதைப் பார்த்தால் எனக்கு மூச்சு வாங்கும். அவள் எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆற்றுக்குக் குப்பை வாங்கப் போனோம். தோட்டத்து லோரியில் அத்தான், கிராணி, நான். ரிங்லெட் பசாருக்குப் பின்னால் ஒரு வாரக் குப்பை மலையாகக் கிடந்தது. அழுகிய முட்டைக்கோசு, கிழிந்த கோணி, உரப்பை, மத்தி மீன் டப்பா. அத்தான் நகைக்கடையில் பொறுக்குவதைப் போலப் பொறுக்கினார்.

"கோசு வேணாம், ஊறிப் போயிடும். டப்பாவா அள்ளு, கணக்குக்கு நல்லா நிக்கும்!"

காய்கறிக்கடைச் சீனர் வெளியே வந்து கிராணியிடம் மலாயில் என்னவோ கேட்டார். கிராணி சிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னார்: "இந்தியாவிலேருந்து இவ்வளவு தூரம் வந்து இதைத்தான் வாங்கிட்டுப் போறாரான்னு கேக்கறாரு." பிறகு அவரே கடைப்பையனை விட்டு, கடைக்குள் இருந்த குப்பையையும் ஏற்றிவிட்டார். இலவசமாகக் கிடைத்த சந்தர்ப்பத்தை விடுவாரா?

தோட்டத்து மண்சாலையில் லோரி சக்கரம் புதைந்தது. இறங்கித் தள்ளினோம். நான் பின்னால். லோரி ஒரு துள்ளு துள்ளி மேலேறியது, அதன் சுமையில் கால்வாசி என் தலையில் இறங்கியது. பிறந்த ஊரில் பட்ட அவமானமெல்லாம் போதாதென்று கடல் கடந்து வந்து முட்டைக்கோசு அபிஷேகம்! மேலே தேயிலை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

சனிக்கிழமை காலை, குப்பையை ஆற்றில் கொட்டுகிற கட்டம். இங்கேதான் என் தொழில் அறிவு கிளர்ந்தெழுந்தது. இந்த மலையில் மத்தியானம் மூன்று மணியானால் யாரோ மேலிருந்து குடத்தைக் கவிழ்ப்பார்கள். மழை வந்தால் குப்பை கீழே போய்விடும், கீழ் டிவிஷன்காரன் கணக்கில் ஏறிவிடும். "தடுப்பு ஒன்று கட்டவேண்டும் அத்தான்" என்றேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

லயத்தைத் தாண்டி வரும் வளைவுக்குக் கீழே, ஆறு குறுகும் இடத்தில், இரண்டு பாறைகளுக்கு நடுவே மூங்கில் தடுப்பு. தண்ணீர் போக இடைவெளி விட்டு, குப்பை போகாத நெருக்கத்தில். பாறையோரத்து மரங்களில் நைலான் கயிறு கொண்டு மூன்று கட்டு. முழங்கால் தண்ணீரில் நின்று, ஒவ்வொரு முடிச்சையும் நானே போட்டேன். காகிதத்தில் அல்லாமல் கையால் நான் கட்டிய முதல் கட்டுமானம் அதுதான். குப்பை கொட்டப்பட்டு, மிதந்து வந்து, தடுப்பில் அழகாகத் தேங்கி நின்றபோது எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. காவிரி இன்னும் எவ்வளவு தூரம் என்றுகூடத் தோன்றியது.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. அத்தானும் நானும் வீட்டுக்குள் உட்கார்ந்து, வறுத்த வேர்க்கடலையைத் தின்றுகொண்டு, குழாயை வாசலுக்கு வலப்பக்கம் வைப்பதா இடப்பக்கமா என்று பேசிக்கொண்டிருந்தோம். அக்காள் பேத்தியைப் பார்க்கப் போயிருந்தாள். மழை விட இருட்டிவிட்டது.

ஞாயிறு விடிந்தது. பெரட்டு முடித்து, துடைப்பமும் மண்வெட்டியும் கூடையுமாக மேல் டிவிஷனே ஆற்றுக்கு இறங்கியது. ஆறு பளிங்கு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. குப்பை இல்லை. தடுப்பு இல்லை. ஒரு மூங்கில் துண்டுகூட இல்லை. கங்காணி பேயறைந்தவர் போல நின்றார். பிறகு அறுபது வீட்டு ஜனமும் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தது.

"இந்தியா இஞ்சினியர் கட்டினதுலா!" என்று பின்னாலிருந்து ஒரு பெண்குரல். அதற்குப் பிறகு என் பெயரை யாரும் சொல்லிக் கேட்கவில்லை. ஊருக்குப் புறப்படும் வரை நான் 'மூங்கில் சார்'தான்.

ஒன்பது மணிக்கு அதிகாரிகள் மூன்று காரில் வந்தார்கள். கூடவே டவுன் மாதர் சங்கம், வெள்ளைக் கையுறையும் ஒரே மாதிரி பனியனுமாக. தொண்டு செய்யாமல் போவதில்லை என்ற தீர்மானத்தோடு வந்திருந்தார்கள். நெடுநேரம் தேடி, ஒரு கல்லுக்கடியில் ஒரே ஒரு மத்தி மீன் டப்பாவைக் கண்டுபிடித்தார்கள். முதலில் தலைவி அதை ஆற்றிலிருந்து எடுத்தார், படம் பிடித்தார்கள். திரும்பப் போட்டார்கள். செயலாளர் எடுத்தார், படம். பொருளாளர் எடுத்தார், படம். பதினோரு பேர் அந்த ஆற்றைச் சுத்தம் செய்தார்கள். கடைசியில் டப்பா ஆற்றிலேயே இருந்துவிட்டது.

மாவட்ட அதிகாரி நல்ல மனிதர். ஆற்றைப் பார்த்து உண்மையாகவே மகிழ்ந்தார். அவர் மலாயில் பேசியதைக் கிராணி வாசகக் குரலில் மொழிபெயர்த்தார்: "இவ்வளவு சுத்தமான ஆற்றை நான் பார்த்ததேயில்லை. உங்களுக்கு யாருடைய உதவியும் தேவையில்லை. எல்லோரும் கைதட்டுங்கள்."

கைதட்டினோம். அத்தானும் தட்டினார். பாவம், அவரைப் பார்க்கவே எனக்குச் சகிக்கவில்லை.

கீழ் டிவிஷனில் ஏழு லோரி. அவர்கள் குப்பையும் எங்கள் குப்பையும் சேர்ந்து பாலத்தடியில் அடைத்துக்கொண்டு நின்றதாம். அள்ளி அள்ளி மாளவில்லையாம். என் தடுப்பின் மூங்கில்களும் அதில் அடக்கம். பரிசு அவர்களுக்கு. மரம் நடுவிழாவும் அங்கேதான். ஒரு கன்றுக்கு ஏழு அதிகாரிகள் மண் தள்ளினார்கள். கன்று தெரியாமல் போகும் வரை தள்ளினார்கள்.

ஒன்று சொல்லவேண்டும். பரிசு பேச்சோடு போய்விடும் என்றுதான் நினைத்தேன். எங்கள் துறையில் குழாய் என்றால் முதலில் கோப்பு, பிறகு கோப்பு வைக்க அலமாரி, அலமாரி வாங்க இன்னொரு கோப்பு. இங்கே புதன்கிழமை ஆள் வந்துவிட்டது. அதிகாரி பத்திரிகைக்காரர்களிடம் தேதி சொல்லிவிட்டாராம், அவசரம். காட்டுக்குள், மேல் டிவிஷனுக்கும் மேலே, ஊற்றடியில் தொட்டி கட்டினார்கள். அங்கிருந்து குழாய் இறங்கியது. எந்த வழியாக? அக்காள் வீட்டு வாசல் வழியாக! வலப்பக்கமும் இல்லை, இடப்பக்கமும் இல்லை, நேர் நடுவில். வழியில் தண்ணீர் பிடிக்க ஒரு திருகுகூட வைக்காமல் கீழே போய்விட்டது. காதை வைத்துக் கேட்டால் உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். அத்தான் ஒவ்வொரு நாள் காலையிலும் அதைத் தாண்டித்தான் பெரட்டுக்குப் போகவேண்டும். அவர் தாண்டும்போதெல்லாம் என்னை ஒரு பார்வை பார்ப்பார்.

இரண்டு வாரம் போயிற்று. கீழே குழந்தைக்கு வயிற்றுப்போக்கு நின்றது. பிறகு பசித்தது. பிறகு தவழ்ந்து போய் அடுப்புக்கரியைத் தின்று அடி வாங்கியது. சரோஜா அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அந்த ஞாயிறு மொட்டையடித்துக் காது குத்தினோம். குழந்தை என் மடியில் உட்கார்ந்து, ஊரைக் கூட்டுகிற மாதிரி அலறி, என் புது வேட்டியை நனைத்தது. அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். "நல்லாத் தொண்டை இருக்குலா, கங்காணி பேத்தி" என்றார். ஆனாலும் விருந்தில் அவரைப் பார்த்துக் கீழ் டிவிஷன்காரர்கள் "மூங்கில் சாருக்கு இன்னும் சோறு போடுங்க, அவராலதான் பைப்பு" என்று சொன்னபோது, இலையை மூடிவிட்டு எழுந்துபோனார்.

எனக்கும் ஆறவில்லை. மூன்று கட்டு, ஒவ்வொன்றிலும் இரட்டை முடிச்சு. சாதாரண மத்தியான மழை. எப்படிப் போகும்? ராத்திரி படுத்தால் அந்த முடிச்சுகளை மனதுக்குள் அவிழ்த்துப் பார்ப்பேன். அவிழாது. ஆனால் ஆறு பொய் சொல்லுமா?

புறப்படுகிற அன்று காலை, அக்காள் வழக்கம்போல இரண்டு வாளியோடு ஆற்றுக்கு இறங்கினாள். நான் ஒன்றை வாங்கிக்கொண்டு கூடப் போனேன். என் மனக்குறையை அவளிடம்தான் சொல்லமுடியும். "என்னாலதான்க்கா ஒங்களுக்கு பைப்பு போச்சு. இன்னும் நல்லாக் கட்டியிருக்கணும். மன்னிச்சுக்க" என்றேன்.

அக்காள் வாளியைக் கல்லில் வைத்தாள். சுற்றிலும் பார்த்தாள்.

"அத்தான்கிட்ட சொல்லிடாத. மழையில கீழ போனேன்ல, அப்ப கவ்வாத்துக் கத்திய எடுத்துக்கிட்டுத்தான் போனேன்."

தேயிலைச்செடியின் கொப்பை ஒரே வீச்சில் வெட்டுகிற கத்தி அது.

"சரோஜாகிட்ட சொல்லிட்டேன், ரெண்டு நாளைக்குத் தண்ணிய மொண்டு வெச்சுக்கன்னு. கீழ பொம்பளைங்களுக்கெல்லாம் தெரியும். ஆம்பளைங்களுக்குத்தான் தெரியாது. ஒரு புள்ளயத் தூக்கிக் குடுத்துட்டு நின்னா என் மக. இன்னொன்னையும் குடுக்கச் சொல்றியா? எனக்கு அறுபத்திரண்டு படி ஒண்ணும் பெருசில்ல."

வாளியை முங்க விட்டு எடுத்தாள். இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு படி ஏறியவள், நின்று திரும்பினாள்.

"ஆனா ஒண்ணு தம்பி, நீ கட்டினது சும்மா கட்டு இல்ல. மூணு கயித்த அறுக்கறதுக்குள்ள ரெண்டு கையும் கொப்பளிச்சுப் போச்சு."

என் உத்தியோக காலத்தில் நான் பார்த்த ஒரு வேலையை நேரில் சோதித்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொன்னவள் அவள் ஒருத்திதான்.